வேலி ஊழியருக்கு, வெளி ஆள்வோருக்கு!

தாம்பரத்துத் தபால் நிலையத்திலே முத்திரை குத்தும் ஊழியருக்கு ஒரு விதி உண்டு. நடுவண் அரசு 1964-ஆம் ஆண்டு வகுத்த நடத்தை விதிகளிலே 16-ஆவது விதி அது. பங்குகளிலே ஊக வணிகம் செய்யலாகாது என்கிறது. அடிக்கடி வாங்குவதும் விற்பதும் ஊக வணிகமே என்று இலக்கணமும் வகுத்துத் தருகிறது. பணிக்கு இடையூறு விளைக்கத்தக்க முதலீட்டைத் தானும் செய்யக்கூடாது, தன் குடும்பத்தாரையும் செய்ய விடக்கூடாது என்று எச்சரிக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களாகிய நம்மையும் மாநில அரசின் 1973-ஆம் ஆண்டு விதிகள் பிணைத்திருக்கின்றன. கடன் வாங்கி ஒரு மனை வாங்கினாலும் மேலிடத்துக்கு அறிவித்தாக வேண்டும்.

இருக்கட்டும், வேண்டியதுதான். வேலியைக் கண்டு நாம் வருந்தவில்லை. ஆனால், முத்திரை குத்துபவருக்கு இத்தனை வேலி கட்டிய சட்டசபையும் நாடாளுமன்றமும், சட்டத்துக்கே முத்திரை குத்துகிற தம் உறுப்பினர்களுக்கு என்ன வேலி கட்டின?

நாடாளுமன்ற உறுப்பினர் பதவிப் பிரமாணம் எடுத்த 90 நாட்களுக்குள் சொத்துக் கணக்குத் தரவேண்டும். தேர்தலிலே நிற்பவர் எவராயினும், உச்சநீதிமன்றம் 2002-இலும் 2003-இலும் அளித்த தீர்ப்புகளின் பயனாக, சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரத்திலே எழுதித் தரவேண்டும். அவ்வளவே! இடைப்பட்ட ஆண்டுகளில் எந்தக் கம்பெனியின் பங்கை எந்த நாளில் வாங்கினார், எந்த நாளில் விற்றார் என்று அப்போதைக்கப்போது நாட்டுக்கு அறிவிக்கச் சொல்லும் விதி இல்லை. பள்ளி திறக்கும் நாளிலும் ஆண்டு இறுதி நாளிலும் மட்டும் வருகைப் பதிவு எடுத்துவிட்டு, "மாணவன் ஒருநாளும் தவறவில்லை" என்று சான்றிதழ் கொடுக்கும் ஆசிரியரைத் தலைமையாசிரியர் சும்மா விடுவாரா?

மாநிலங்களவையில் உறுப்பினர் நலன்களுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. பங்குடைமையும் அதிலே எழுதப்பட வேண்டிய இனந்தான். ஆனால் எத்தகைய பங்குடைமை? கம்பெனியைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு இருந்தால்! கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! 10,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கம்பெனியிலே நூற்றுக்கு ஒரு பங்கு என்றால் 100 கோடி. அந்த ஒரு பங்கால் கம்பெனியைக் கட்டுப்படுத்த முடியாது; உறுப்பினரின் உள்ளத்தைக் கட்டுப்படுத்த முடியும். பதிவேடோ வாய் திறக்காது.

இது புதிய நோயும் அன்று. 1951-ஆம் ஆண்டு, இடைக்கால நாடாளுமன்றத்தின் உறுப்பினரான எச்.ஜி. முத்கல், பம்பாய்த் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காகச் சபையிலே கேள்வி கேட்டார், திருத்தம் கொணர்ந்தார் என்று குற்றம் எழுந்தது. ஆராயச் சபை ஒரு குழு அமைத்தது. குழு குற்றம் கண்டது. அவரை நீக்கப் பிரதமர் நேரு தீர்மானம் கொணர, அதற்குள் பதவியை விட்டு விலகினார் முத்கல்.

அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமோ? நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியார். காலத்தின் கேலியைக் காணுங்கள்! 1957-இல் அவரே நிதியமைச்சர். ஏழை எளியோர் கட்டிய காப்பீட்டுப் பணத்தைக் காக்க 1956-இல் தோன்றிய ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளிலே ஏறத்தாழ 1 கோடியே 24 லட்ச ரூபாயைப் போட்டது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலக்கவும் இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தியே சபையில் எழுந்து கேட்டார். நீதிபதி சாக்ளா மக்கள் முன்னிலையிலே விசாரித்தார். 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார். அவர் தமக்கென ஒரு காசு எடுத்தார் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. துறையிலே நடந்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று கூறப்பட்டது, அவர் போனார். அந்தப் பொறுப்புணர்ச்சியை இன்று நினைத்தால் ஏக்கமே மிஞ்சுகிறது. ஆயினும் ஒன்றை மறக்கவேண்டாம்: முத்கல் சிக்கியதும், முந்த்ரா சிக்கியதும் யாரோ ஒருவர் கேள்வி கேட்டதாலே! கேள்வி பிறவாவிடில்?

நம் வட்டாரத்துக்கே வருவோம். கிண்டியிலே தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனத்துக்கு, டான்சி என்று நாம் அழைக்கும் அரசு நிறுவனத்துக்கு, நிலம் இருந்தது. அதை 1992-இல் ஜெயா பப்ளிகேஷன்ஸ் வாங்கிற்று. அந்நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அம்மையார். விற்றது அரசின் நிறுவனம். வாங்கியது அரசின் தலைவர் பங்கு கொண்ட நிறுவனம்! 2000-இல் தனி நீதிமன்றம் தண்டித்தது. 2001-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பரில் உச்சநீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. தீர்ப்பைக் குறைகூற நாம் வரவில்லை. அதிலே பொதிந்துள்ள உண்மையைத்தான் இளைஞர்கள் படிக்கவேண்டும். அமைச்சர்கள் அரசுச் சொத்தை வாங்கலாகாது என்னும் நடத்தை நெறி, சட்டத்தின் வலிமை பெற்றதன்று. அதை மீறினார் என்பதற்காக எவரையும் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். மனச்சான்றுக்கு விடை கூறி நிலத்தைத் திருப்பித் தருமாறு அறிவுரையும் நல்கிற்று. தபால் ஊழியருக்குத் தண்டனை, முதலமைச்சருக்கு மனச்சான்று!

நமது புறநகரிலே பங்குப் பத்திரத்தைவிட வேகமாக ஏறுவது மண். வண்டலூரையொட்டிப் பேருந்து முனையம் வரும் என்று 2013-இல் அறிவித்தார்கள். 2019-இல் கிளாம்பாக்கத்தில் கல் நாட்டினார்கள். 2023 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். அறிவிப்புக்கு முதல் நாள் ஊரப்பாக்கத்திலே ஒரு மனையின் விலை என்ன, மறுநாள் என்ன? அந்த ஓர் இரவை முன்கூட்டியே அறிந்தவனுக்கு உழைப்பு தேவையில்லை. இன்னார் அப்படிச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. செய்தாரா இல்லையா என்று அறிய வழியே இல்லை என்பதுதான் நம் வழக்கு. திடீரென்று ஒருவர் மாடி எழுப்பினால், ஊரார் என்ன சொல்கிறார்கள்? இலக்குமி கடாட்சமாம்! குருப் பெயர்ச்சியாம்! குரு பெயர்ந்தாரோ, கோப்பு பெயர்ந்ததோ, அதைக் கேட்பதல்லவா பகுத்தறிவு?

"அமெரிக்காவைப் பார், அங்கே சட்டம் இருக்கிறது" என்பார் சிலர். இருக்கிறது. 2012-இல் இயற்றினார்கள். உறுப்பினர் பங்கு வாங்கினாலும் விற்றாலும் 45 நாட்களுக்குள் வெளியிடவேண்டும். தவறினால் வழக்கமான அபராதம் 200 டாலர். கோடீசுவரருக்கு அது காப்பிச் செலவு! 2020-இல் கொரோனா பரவத் தொடங்கிய வேளை. நாடு ஆயத்தமாக இருக்கிறதென்று பிப்ரவரி 7-இல் செனட்டர் ரிச்சர்ட் பர் கட்டுரை வெளியிட்டார். 13-இல் பெருந்தொகைக்குப் பங்குகளை விற்றார். அடுத்த வாரமே சந்தை சரிந்தது. விசாரணை நடந்தது, 2021 சனவரியில் வழக்கின்றி முடிந்தது. ஓட்டைச் சட்டந்தான். ஆனால் விற்ற தேதியாவது அந்நாட்டு மக்களுக்குத் தெரிந்தது. நமக்கு அதுவும் இல்லையே!

"உறுப்பினரும் குடிமகன்தானே, சேமிக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். சேமிக்கட்டும்! வங்கியிலே போடட்டும், பல கம்பெனிகளும் கலந்த பரஸ்பர நிதியிலே போடட்டும். மின்சாரக் கம்பெனியின் பங்கைப் பெட்டியிலே வைத்துக்கொண்டு மின்சார மசோதாவை ஆராயும் குழுவிலே அமரவேண்டாம் என்கிறோம். பதவியிலுள்ள வரை தனிக் கம்பெனிகளின் பங்குகளைத் தாமும் துணைவரும் வாங்கி விற்கவேண்டாம் என்கிறோம். முன்பே வைத்திருப்பதை விற்றால் ஒரு வாரத்துக்குள், தமிழிலே, எவரும் படிக்கும்படி வெளியிடுக என்கிறோம். நிலத்துக்கும் அதே விதி. மீறினால் பதவி போகவேண்டும். 200 டாலர் அல்ல.

இதற்குக் கோட்டை வரை நடக்கத் தேவையில்லை. வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலே கிடக்கிறது. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சேலையூரிலும் உள்ள படிப்பகத் தோழர்கள், தம் தொகுதிக்காரரின் பழைய பத்திரத்தையும் புதிய பத்திரத்தையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும். எந்தப் பங்கு வந்தது, எது போயிற்று, எந்த மனை முளைத்தது என்று வரிவரியாகக் குறிக்கட்டும். எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்கவேண்டாம். நம்மவர் என்றால் இன்னும் ஒரு முறை கூடுதலாகப் படிக்கவேண்டும். பிறகு, சண்முகம் சாலையிலே மேடை போட்டு அவர் பேச வரும்போது, மாலைக்குப் பதில் அந்தத் தாளை நீட்டி, "ஐயா, இதை எந்தத் தேதியில் வாங்கினீர்கள்?" என்று கேட்போம்.