விளம்பரம் தமிழில், அட்டவணை ஆங்கிலத்தில்

"எதை உண்பது என்பது அவரவர் பொறுப்பு, நிறுவனங்களைக் குறைகூறிப் பயனில்லை." மும்பையின் ஊட்டச்சத்து ஆலோசகர்கள் பலர் கருத்தரங்கிலும் நாளிதழ் இணைப்பிலும் கைப்பேசிக் காணொளியிலும் ஓயாமல் சொல்லிவரும் வாசகம் இது. பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்களும் இதையே ஆய்வு முடிவு போலத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டதால்தான் இந்தப் பதிவு. என் பார்வையில் இது ஊட்டச்சத்து அறிவியலின் கண்டுபிடிப்பு அன்று, ஒரு பாகப்பிரிவினை. இலாபம் நிறுவனத்துக்கு, பழி தாய்க்கு.

போர்ன்விட்டா விவகாரத்தைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்போம். அந்தப் பொடி 1948 முதல் இந்தியாவில் விற்பனையாகிறது. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் அதன் சர்க்கரை அளவைப் பற்றி ஒரு காணொளி வெளியிட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் காணொளியை நீக்கினார். நிறுவனம் அளித்த விளக்கம் கவனத்துக்குரியது: 20 கிராம் கொண்ட ஒரு வேளை அளவில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 7.5 கிராம்தான், ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி, குழந்தைக்குரிய அன்றாட வரம்பைவிடக் குறைவு. அதாவது பொடியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சர்க்கரை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதே பாலில் வீட்டுச் சர்க்கரையும் ஒரு கரண்டி விழும் என்பது நம் வீடுகளை அறிந்த எவருக்கும் தெரியும். பிறகு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சேர்க்கப்பட்ட சர்க்கரை சுமார் 14 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகையே இல்லை என்று சுட்டிக்காட்டி, இத்தகைய பானங்களை அத்தலைப்பிலிருந்து நீக்குமாறு இணைய வணிகத் தளங்களுக்கு ஒன்றிய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது. அதே மாதம் ஹார்லிக்ஸை விற்கும் இந்துஸ்தான் யூனிலீவரும் தன் பானங்களின் வகைப்பெயரை மாற்றிக்கொண்டது. அதற்கு ஆய்வகச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.

எழுபத்தைந்து ஆண்டுகள் பொறுப்போடு பொடி வாங்கிய தாய்மார்களால் பெற முடியாத சர்க்கரைக் குறைப்பு, எட்டு மாதப் பொது அவமானத்தில் கிடைத்திருக்கிறது. தனிமனிதப் பொறுப்பை வலியுறுத்துவோர் இதற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள்?

அவர்கள் வழக்கமாகச் சொல்வது, "பொட்டலத்தைத் திருப்பி அட்டவணையைப் படியுங்கள்" என்பது. யார் படிப்பது, எந்த மொழியில்? 2020ஆம் ஆண்டின் உணவுப் பொருள் முத்திரையிடல் விதிகளின்படி, கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி இந்தியில் இருந்தால் போதும். வேறு மொழி நிறுவனத்தின் விருப்பம். தாராவித் தமிழ்ப் பெண்ணுக்கு, சீத்தா கேம்பில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு, பிள்ளை உயரமாக வளரும், தேர்வில் முந்தும், நோய் அண்டாது என்ற செய்தி தொலைக்காட்சியில் நல்ல தமிழில் வந்து சேர்கிறது. சர்க்கரைக் கணக்கு மட்டும் பொட்டலத்தின் பின்புறம் பொடியெழுத்தில், அவர் படிக்காத மொழியில் இருக்கிறது. வாக்குறுதியைத் தாய்மொழியிலும் நிபந்தனையை அயல்மொழியிலும் எழுதிக் கையெழுத்து வாங்கும் வட்டிக்கடைக்காரரை நாம் எப்படி அழைப்போம்? இங்கே மட்டும் கையெழுத்திட்டவரின் 'உணவு அறிவின்மை' ஆய்வுப் பொருளாகிறது.

(மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஹார்லிக்ஸ் புட்டியும் சாத்துக்குடியும் இருக்க வேண்டும் என்பது தமிழர்களின் எழுதாத சட்டம். ஒரு வணிகப் பொருள் சடங்காகவே மாறிய இந்த வரலாற்றை யாராவது முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.)

ஆலோசகர்களில் சிறந்தவர்களின் வாதத்தையும் எதிர்கொள்ள வேண்டும். 2009இல் வெளிவந்த உடல் எடை பற்றிய நூலால் பெரும் புகழ்பெற்ற மும்பையின் ருஜுதா திவேகர், பொட்டல உணவின் மோகத்துக்கு எதிராகத் தொடர்ந்து பேசுபவர். உள்ளூர் தானியம், பருவத்துக் காய்கனி, நெய், பாட்டியின் சமையலறை என்பது அவர் காட்டும் வழி. விளம்பரத்தின் பொய்யை இவ்வழி சரியாகவே அடையாளம் காண்கிறது. ஆயினும் தீர்வை மீண்டும் வீட்டுக்குள்ளேயே வைக்கிறது. அது யாருடைய பாட்டி என்ற கேள்வியும் எழுகிறது. மாட்டுங்கா அக்ரகாரத்துப் பாட்டியின் நெய்யும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த குடும்பத்துப் பாட்டியின் கூழும் கருவாடும் மாட்டிறைச்சியும் ஒரே மரபு அல்ல. அந்தக் கூழின் கம்பும் கேழ்வரகும் 2023 சிறுதானிய ஆண்டுக் கொண்டாட்டத்துக்குப் பின் கண்ணாடிப் புட்டியில் 'பாரம்பரியச் சத்துமாவு' என்று உயர்விலையில் வந்து அமர்ந்திருக்கின்றன. மாட்டிறைச்சியோ 2015இல் மராட்டிய அரசு காளை, எருது வெட்டுவதைத் தடைசெய்தபின் எருமை இறைச்சியாகச் சுருங்கியது. பள்ளி மதிய உணவில் முட்டைக்கென ஒதுக்கிய நிதியையும் அதே அரசு 2025 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது. தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் பிள்ளைக்குப் பள்ளி நாள்தோறும் முட்டை உண்டு. தாராவியில் அதே வயதுப் பிள்ளைக்கு அதை வாங்கித் தரும் 'தனிப்பட்ட பொறுப்பு' தாயிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மலிவான புரதத்தை அரசு ஒவ்வொன்றாக விலக்க, அந்த இடத்தில் புரதம் என்று எழுதிய பொடி வந்து நிற்கிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியுமுன் தாராவியில் மாவாட்டி, இட்லி அவித்து, மிதிவண்டியில் ஏற்றி நகரெங்கும் விற்பவர்கள் தமிழர்கள். ஆலோசகர்கள் போற்றும் புதிதாகச் சமைத்த உள்ளூர் உணவு பலருக்கு இவர்களின் உழைப்பாகவே கிடைக்கிறது. அந்த உழைப்புக்குப்பின் தன் பிள்ளைக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பும் தாயிடம் பொறுப்பைப் பற்றி உபதேசிக்க எனக்கு நா எழவில்லை.

குழந்தை உணவில் விஷயம் இன்னும் அப்பட்டமானது. 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு வெளியிட்ட ஆய்வின்படி, நெஸ்லே இந்தியாவில் விற்கும் செரலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருந்தது. அதன் தாய்நாடான ஸ்விட்சர்லாந்தில் விற்பதில் இல்லை. ஸ்விட்சர்லாந்துத் தாய் கூடுதல் பொறுப்புடையவர் என்பதாலா இந்த வேறுபாடு? நம் நாட்டிலும் மாற்றுவழிக்கு முன்னுதாரணம் உண்டு. 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டமும் 2003 திருத்தமும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்துவதையே தடைசெய்தன. அதற்குச் சற்று முன்னர், 1989இல், தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். சட்டம் விற்பவரின் வாயைக் கட்டியது. பொது மருத்துவமனை தாயின் கையில் ஒரு மாற்றைக் கொடுத்தது. இரண்டிலும் உபதேசம் இல்லை.

"அப்படியானால் ஏழைகளுக்குச் சுயபுத்தி இல்லை என்கிறீர்களா?" என்று ஒரு பேராசிரிய நண்பர் கேட்டார். நீரிழிவு உள்ளவர் தன் தட்டைக் கவனிக்கத்தான் வேண்டும். அதை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் பொறுப்பு என்பது தட்டோடு முடிவதா? ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கப்பட்ட சர்க்கரைப் பானங்களுக்கு எதிராக ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. "கவனமாக வாங்குங்கள்" என்று தம் நோயாளிகளிடம் சொல்லிவிட்டு அவர் ஓய்ந்திருந்தால் அந்தப் பானங்கள் அதே பெயரில்தான் இருந்திருக்கும்.

இப்போது எஞ்சியிருப்பது பொட்டலத்தின் முகப்பு. சிலி நாடு 2016இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொருள்மீது கருப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அதனோடு குழந்தைகளை நோக்கிய விளம்பரத்தையும் கட்டுப்படுத்தியது. சர்க்கரைப் பானங்களின் கொள்முதல் நான்கில் ஒரு பங்களவு குறைந்தது. எழுத்தறியாதவருக்கும் எண்கோணம் புரியும். நம் ஆணையம் 2022 வரைவில் முன்வைத்ததோ அரை முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள். தீங்கான பொருளுக்கும் ஒன்றரை நட்சத்திரம் கிடைக்கும். நட்சத்திரத்தை எச்சரிக்கையாகக் கருதும் பண்பாடு எங்கும் இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாத அவகாசம் விதித்த பின்னரும் அவகாச நீட்டிப்புகளே தொடர்ந்தன.

ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை என்ற தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்குகள் செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள நிறுவனத்திலிருந்துதான் வெளிவருகின்றன. அதன் வாசலிலிருந்து கோவண்டிக் குடியிருப்புகள் நடை தூரம். அங்கு பயிலும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை 'தாய்மாரின் உணவு அறிவு' பற்றிய வினாநிரலைத் தயாரிக்கும்போது, வீட்டிலுள்ள பொட்டலம் எந்த மொழியில் அச்சிடப்பட்டுள்ளது என்ற கேள்வியையும் அதில் சேருங்கள்.