மாற்றத்தைக் கடக்கும் மனம்

நுழையும்முன்

மாற்றம் மனித வாழ்வின் இயல்பு. ஆயினும், உறவை இழத்தல், பிறந்த ஊரைப் பிரிதல், தொழிலைக் கைவிடுதல் போன்ற சில மாற்றங்கள் ஒரே நாளில் வாழ்வின் திசையைத் திருப்பிவிடுகின்றன. உடல் நோயுற்றால் மருத்துவரை நாடுவோர், உள்ளம் தளரும்போது யாரை நாடுகின்றனர்? தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

குன்றில் எழுந்த வினா

கூடலூருக்கு அருகே, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் மலையேறிச் சென்று வழிபடுகின்றனர். புகாரிலிருந்து புதுவாழ்வு தேடி மதுரைக்கு வந்த கண்ணகி, அந்நகரில் கணவனை இழந்தாள்; நகரை நீங்கி, வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறினாள். வேங்கை மரநிழலில் நின்ற அவளைக் கண்ட குன்றக் குறவர் அஞ்சி விலகவில்லை. அவள் யார் என்று வினவினர். அவளும் தனக்கு நேர்ந்ததைக் கூறினாள். இக்காட்சியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

துயருற்றவரிடம் பரிவோடு வினவுதல், அவர் கூறுவதைப் பொறுமையுடன் செவிமடுத்தல் ஆகிய இரண்டுமே இன்றைய உளவியல் ஆலோசனையின் அடித்தளங்கள். ஆகவே, அது தமிழர் வாழ்வுக்கு அயலானதொன்று எனக் கருத வேண்டியதில்லை.

பள்ளத்தாக்கின் வாழ்வு

1895ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்த முல்லைப்பெரியாறு அணையின் நீர், கம்பம் பள்ளத்தாக்கை இருபோக நெல் விளையும் நிலமாக்கியது. இங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. வளம் மிக்க மண் என்றாலும், இம்மக்களின் வாழ்வு உறுதியானதன்று. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் உழவரின் நிலை ஒரு பருவத்திலேயே மாறிவிடுகிறது. விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் பலர். மலைப்பாதையில் நேரும் ஒரு விபத்து, உழைத்து வாழ்ந்த ஒருவரை ஒரே நாளில் பிறரைச் சார்ந்து வாழ்பவராக்கிவிடும்.

துன்பம் தரும் மாற்றங்கள் மட்டுமே மனத்தை வருத்துவன அல்ல. 1967ஆம் ஆண்டு தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராகி என்னும் அமெரிக்க உளமருத்துவர் இருவர், வாழ்வில் நிகழும் 43 மாற்றங்களை அவை தரும் மனச்சுமைக்கு ஏற்ப வரிசைப்படுத்தினர். வாழ்க்கைத் துணையின் மறைவிற்கு 100 மதிப்பெண் அளித்த அவர்கள், திருமணத்திற்கு 50, பணி ஓய்விற்கு 45, பள்ளி மாறுவதற்கு 20 என மதிப்பெண் வழங்கினர். மகிழ்ச்சிக்குரிய மாற்றத்திற்கும் உள்ளம் உழைக்க வேண்டியுள்ளது என்பதே இதன் பொருள். மணமாகிப் புதிய ஊருக்கு வரும் பெண்ணும், போடியிலிருந்து சென்னைக்குப் படிக்கச் செல்லும் மாணவனும் காரணம் புரியாமல் கலங்குவது இதனால்தான். அது அவர்தம் குறையன்று.

மரபு தந்த ஆறுதல்

துயரைத் தனித்துச் சுமக்க நம் முன்னோர் யாரையும் விட்டதில்லை. கையறுநிலை என்றொரு துறையையே வகுத்து இழப்பைப் பாடினர். பாரி மகளிர் தந்தையையும் பறம்பையும் இழந்தபோது, கபிலர் அவர்களுக்குத் துணையாக நின்றார். இன்றும் சிற்றூர்களில் இழவு வீட்டில் ஒப்பாரி ஒலிக்கிறது. உறவினர் துக்கம் விசாரிக்க வருகின்றனர். கருமாதி நாள்வரை அவ்வீட்டில் அடுப்பெரியாத குறையை அண்டை வீட்டார் தீர்க்கின்றனர்.

ஆயினும், இம்மரபுக்கு இரண்டு எல்லைகள் உள்ளன. ஒன்று, சடங்குகள் முடிந்ததும் ஊர் தன் வேலைக்குத் திரும்பிவிடுகிறது. இழந்தவருக்கோ அதன்பின்னர்தான் உண்மையான தனிமை தொடங்குகிறது. மற்றொன்று, சாவுக்குச் சடங்கு உண்டு. பிற இழப்புகளுக்கு இல்லை. தேர்வில் தோற்றவனுக்கும், கடனால் நிலத்தை விற்றவருக்கும், கணவனைப் பிரிந்த பெண்ணுக்கும் ஒப்பாரி பாட யாருமில்லை. அவர்களிடம் ஊர் விசாரிப்பது துக்கத்தை அன்று, காரணத்தை. அவ்விசாரிப்பு ஆறுதலாக அமையாமல் பழியாக முடிவதே மிகுதி. மரபு விட்டுச்சென்ற இந்த இடைவெளியைத்தான் உளவியல் ஆலோசனை நிரப்ப வல்லது.

ஆலோசகர் செய்வது என்ன?

உளவியல் ஆலோசகர் அறிவுரை கூறுபவர் அல்லர். விபத்தில் காலை இழந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், 'இனி நான் எதற்கும் பயன்படாதவன்' என்று எண்ணுவதாகக் கொள்வோம். 'கவலைப்படாதே' என்று சுற்றத்தார் கூறுவர். ஆலோசகரோ, அவ்வெண்ணம் எங்கிருந்து எழுந்தது, அது முழுவதும் உண்மைதானா என்பதை அவரே ஆராயத் துணைபுரிவார். வீட்டிற்குள் முடங்கிய அவரை, நாள்தோறும் ஒரு சிறு செயலையாவது செய்யத் தூண்டுவார். தூக்கமின்மை, மதுப்பழக்கம் முதலிய அறிகுறிகளைக் கவனிப்பார். மருந்து தேவைப்படின் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். கேட்டதைப் பிறரிடம் கூறாதிருத்தல் அவர்தம் தொழிலறம். ஒருவர் சொன்னதை மறுநாள் ஊரே அறிந்துவிடும் சிற்றூரில், இவ்வறத்தின் மதிப்பு மிகப் பெரிது.

ஆலோசனை, இழந்த காலைத் திருப்பித் தராது. இழப்போடு வாழக் கற்றுத்தரும்.

அனுபவம் தரும் சான்றுகள்

2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று, போடிநாயக்கனூர் அருகே குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேற்றத்திற்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. ஊர்மக்களும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். இத்தகைய பேரிடரில் தப்பியவர்களின் தீப்புண் ஆறினாலும் மனப்புண் எளிதில் ஆறுவதில்லை; மீட்கச் சென்றவர்களின் உள்ளத்திலும் அக்காட்சிகள் தங்கிவிடும்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் இவ்வுண்மை உணரப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவன வல்லுநர்கள், உள்ளூர்த் தொண்டர்களுக்கு மனநல ஆதரவுப் பயிற்சி அளித்தனர். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர், முதிய பெண்களுக்குப் பயிற்சி அளித்து, மருத்துவமனை வளாகத்து மரப்பலகை இருக்கைகளில் அமர்ந்து மக்களின் துயரைக் கேட்கச் செய்தார். இம்முறை பயனளிப்பதை 2016இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. கோவாவிலும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களால் மனச்சோர்வைக் குறைக்க முடிந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

தெரிந்து தெளிவோம்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு வழங்கும் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனையை 24 மணிநேரமும் கட்டணமின்றிப் பெறலாம். 'டெலி மானஸ்' என்னும் இத்தேசியச் சேவை 2022இல் தொடங்கப்பட்டது.

தடைகளும் தீர்வுகளும்

'வயிற்றுப்பசி தீராதவருக்கு ஆலோசனை எதற்கு?' என்று வினவுவோர் உளர். இவ்வினா நியாயமானதே. வேலையிழந்தவருக்கு வேலையும், வீடிழந்தவருக்கு வீடும் கிடைத்தாக வேண்டும். ஆலோசனை அவற்றிற்கு மாற்றாகாது. ஆயினும், இழப்பீடு கேட்டு விண்ணப்பம் எழுதவும், புதிய தொழில் கற்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் மனம் எழுந்து நிற்க வேண்டும். உதவியைப் பெறுவதற்கும் உள்ளத்தில் வலிமை வேண்டும்.

இரண்டாம் தடை தொலைவு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் உள்ளது. கூடலூரிலிருந்து அங்குச் செல்ல 50 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். நாட்கூலி பெறுபவர் ஒருநாள் ஊதியத்தை இழந்தே அங்குச் செல்ல முடியும். எனவே, ஆலோசனை மக்களைத் தேடி வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் குறிப்பிட்ட நாள்களில் ஆலோசகர் அமர்தல், மகளிர் சுய உதவிக் குழுவினருக்குப் பயிற்சி அளித்தல், வேலை முடிந்து தொழிலாளர் திரும்பும் மாலை நேரத்திலும் சேவை வழங்குதல் ஆகியன பயன்தரும்.

மூன்றாம் தடை நாணம். மனநல மருத்துவரைக் காண்பவரைப் 'பைத்தியம்' என்று இகழும் வழக்கம் இன்றும் மறையவில்லை. இச்சொல்லுக்கு அஞ்சித் துயரை மறைத்தவர்கள் மதுவிலும், சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்திலும் தஞ்சம் புகுகின்றனர். இத்தடையை அகற்றச் சட்டமும் மருத்துவமனையும் மட்டும் போதா. சமுதாயத்தின் பேச்சு மாற வேண்டும்.

மாணவர் கடமை

பேச்சின் மாற்றத்தை வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம். நன்றாகப் படித்த தோழன் திடீரெனப் பேச்சைக் குறைத்தாலோ, தோழி ஒருத்தி உணவைத் தவிர்த்துத் தனித்திருந்தாலோ, கேலி செய்யாமல் அருகமர்ந்து வினவுதல் வேண்டும். கூறுவதைக் கேட்க வேண்டும், தீர்ப்பு வழங்கலாகாது. உயிருக்கு ஊறு விளையும் என்னும் ஐயம் எழுந்தால், அதனை மறைத்துவைக்காமல் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே கூற வேண்டும். மாணவர் மருத்துவர் ஆக வேண்டியதில்லை; மருத்துவரிடம் செல்லும் வழியில் உடன் நடந்தால் போதும்.

திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். துன்பமே வாராதிருத்தல் என்பது அதன் பொருளன்று. துன்பம் வந்தபோதும் உள்ளம் சிதையாதிருத்தலே அதன் பொருள். அவ்வுறுதியைத் தானே பெற இயலாதவர், பிறர் துணையோடு பெறுவதில் இழுக்கு ஏதுமில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊரிலும் அத்துணை எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.