தறியை அடகு வைக்காதீங்க! பைபிள் சொல்ற கடன் பாடம்

பைபிள்ல பணத்தைப் பத்தி என்ன இருக்குன்னு கேட்டா, சிலர் தசமபாகம்பாங்க, சிலர் ஆசீர்வாதம்பாங்க. என் கருத்து வேற. அதுல ரொம்ப உபயோகமான பண விதி உபாகமம் 24:6. கடனுக்கு ஈடா ஒருத்தரோட திரிகைக் கல்லை வாங்கக் கூடாது, அது அவரோட உயிரையே அடகு வாங்கறதுக்குச் சமம்னு சொல்ற வசனம். அன்னாடம் மாவு அரைக்கிற கல் போயிட்டா அந்த வீட்ல அடுப்பு எரியாதே!

இதைப் புரிஞ்சிக்க சிந்தாதிரிப்பேட்டை போதும். 1734-ல கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்துல, கூவம் ஓரமா நெசவாளர்களைக் குடியேத்தி உருவாக்கின ஊர். 'சின்ன தறிப் பேட்டை'தான் இப்படி மாறிச்சுன்னு சொல்வாங்க. தறியைப் பிடுங்கிட்டா நெசவாளி எதை வெச்சு கடனை அடைப்பார்? இன்னிக்கு அங்க மீன் மார்க்கெட் பேர் போனது. தராசு, மீன்பாடி வண்டி, ஆட்டோ, தையல் மெஷின், இதெல்லாம்தான் இன்றைய திரிகைக் கல்.

நம்ம சட்டத்துலயும் இது இருக்கு. 1908 சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-ன்படி, கைவினைஞரோட கருவிகள், சமையல் பாத்திரம், படுக்கை இதையெல்லாம் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. ஆனா நீங்களே வண்டியை ஈடா எழுதிக் கொடுத்திருந்தா கதை வேற.

அடுத்து ஜாமீன். படுத்திருக்கற படுக்கையே பறிபோகும், பிறர் கடனுக்குப் பிணை நிக்காதேன்னு நீதிமொழிகள் 22:26-27 எச்சரிக்குது. "சும்மா ஒரு கையெழுத்து தானே மச்சான்"னு நண்பர் சொல்வார். 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128-ன்படி, வேற மாதிரி எழுதாத வரைக்கும், அவர் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் உங்க பொறுப்பு.

சரி, "கடன் வாங்காதே"ன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். காலைல மூணு மணிக்கு சரக்கு எடுக்கணும், கையில காசில்ல, அந்த அம்மா என்ன செய்வாங்க? தண்டல்காரர்கிட்டதான் போவாங்க. கையில 9,000 வாங்கி, தினம் 100 ரூபாய்னு நூறு நாள் கட்டறாங்கன்னு வெச்சுக்கோங்க. பார்க்க வட்டி ஆயிரம்தான். அசல் தினமும் குறைஞ்சிட்டே வர்றதைக் கணக்குல எடுத்தா, வருஷத்துக்கு சுமார் 77 சதவீதம்!

இங்கதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம். திரிகைக் கல் விதி கடன் வாங்கறவருக்குச் சொன்னது இல்ல, கொடுக்கறவருக்குச் சொன்னது. ஏழைகிட்ட வட்டி வாங்காதேங்கற யாத்திராகமம் 22:25-ம் அப்படித்தான். "ஏழை ஏன் சேமிக்கல?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, "என் காசு யாரோட கல்லைப் பிடுங்குது?"ன்னு நாம கேக்கணும். பேங்க் வட்டி பத்தலன்னு மாசம் அஞ்சு வட்டிக்கு வெளிய விடற எல்லாருக்கும் இது பொருந்தும். சர்ச்சுல முதல் வரிசைல உக்கார்றவங்களுக்கும்தான்!

நீங்க செய்யக்கூடியது மூணு. சம்பாதிக்கற கருவியை அடகு வைக்காதீங்க. அவசரம்னா நகைக்கடன் பரவாயில்ல. மொத்தத்தையும் நீங்களே கட்ட முடியும்னா மட்டும் ஜாமீன் போடுங்க. தெரிஞ்ச தெருவோர வியாபாரி இருந்தா, 2020-ல ஆரம்பிச்ச பிஎம் ஸ்வநிதி பத்திச் சொல்லுங்க, ஈடு இல்லாத கடன் அது.

உங்க வீட்டுத் திரிகைக் கல் எது? கமென்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோல பேசுவோம்.