அளிக்கம்பைக்கு யார் போவது?

2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையில் கடல் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது நமது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். பின்னர் உளவள ஆலோசனை என்று எத்தனையோ குழுக்கள் கரையோரத்துக்கு வந்தன. வந்த வெளிநாட்டவர் பலருக்குத் தமிழ் தெரியாது. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பது மார்க்கக் கடமை என்று அறியாதவர், அவள் வெளியே வராததை நோயென்றே எழுதிக்கொள்வார். அமெரிக்கரான ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் இந்தப் படையெடுப்புக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார்.

அவர்களைக் குறைகூறும் நாம் மட்டும் என்ன செய்கிறோம்? அக்கரைப்பற்றுக்கு அண்மையில், ஆலையடிவேம்புப் பிரதேசத்தில் அளிக்கம்பை இருக்கிறது. பாம்பாட்டிப் பிழைத்து, ஊர் ஊராய்த் திரிந்து, பின்னர் நிலையாகக் குடியமர்ந்த மக்கள். வீட்டுமொழி தெலுங்கு, நம்மோடு பேசுவது தமிழ். நாமோ 'குறவர்' என்ற ஒரே சொல்லில் அவர்களை முடித்துவிடுகிறோம். (எந்தத் தொனியில் என்பது நமக்கே தெரியும்.) அங்கே ஒருத்தி நள்ளிரவில் உயிரை மாய்க்கத் துணிந்தால், தன் துயரத்தைத் தன்னை இளக்காரமாகப் பார்க்கும் நம்மிடம், நமது மொழியில்தான் சொல்லியாக வேண்டும்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் நல்லதுதான், ஆனால் போதாது. சுனாமிக்குப் பின்னர் ஊர்ப் பிள்ளைகளையே மனநலப் பணிக்குப் பயிற்றுவித்த அனுபவம் இந்த நாட்டுக்கு உண்டு. அளிக்கம்பைப் பெண்பிள்ளைகள் இருவரைத் தெரிந்து, பயிற்றி, அரச வைத்தியசாலையோடு இணைத்து, சம்பளமும் கொடுக்கட்டும். சம்பளம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். தொண்டு என்ற பெயரில் ஏழைகளிடம் இலவசமாக வேலை வாங்குவது நமக்குப் பழகிப்போன ஒன்று.