ஆம்ப்ளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் பொருத்தம்

நம்மவர் விவாகத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பர். இல்லத்திற் சங்கீதங் கேட்பதற்கெனப் பெரும்பொருள் செலவிட்டு வாங்கும் ஆம்ப்ளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரு பொருத்தமேனும் பார்ப்பவர் சிலரே. கடையிற் புகுந்ததும் அவர் வினவுவது, "எத்தனை வாட்?" என்பதொன்றே. அவ்வினா பிழையான இடத்தினின்று தொடங்குகின்றது என்பது எனது துணிபு.

முதற்கண் நோக்கற்பாலது ஒலிபெருக்கியின் உணர்திறன். ஒரு வாட் மின்சக்தி பெற்று, ஒரு மீட்டர் தூரத்தில் அஃது எத்தனை டெசிபல் ஒலி தருகின்றது என்னும் அளவே அது. அமெரிக்கராகிய பால் கிளிப்ஷ் என்பார் அமைத்து 1946-இல் தோன்றிய கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலையில் நிறுத்தப்படும் பெரும் பெட்டி. அதன் அளவு 104 டெசிபலை ஒட்டியது. பி.பி.சி. பொறியாளர் 1970-களில் ஒலிபரப்பு வண்டிகளுக்கென ஆக்கிய எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு பெட்டியோ 83-ஐ ஒட்டியே நிற்கும். வேற்றுமை 20 டெசிபல் எனக் கொள்ளினும், அது மின்சக்தியில் நூறு மடங்கு. முன்னதற்கு ஒரு வாட் போதுமிடத்துப் பின்னதற்கு நூறு வாட் வேண்டும். அந்நூற்றை அச்சிறு பெட்டி பொறுக்குமா என்பது வேறு கேள்வி. இதனைக் கருதாது, 50 வாட்டை விடுத்து 100 வாட்டுக்கு இருமடங்கு விலை கொடுப்பவர் பெறும் ஆதாயம் 3 டெசிபலே. செவி அதனைச் சிற்றேற்றமாகவே உணரும்.

இனி மின்தடை. பெட்டியின் முதுகில் "8 ஓம்" என்று பொறித்திருப்பது பெயரளவே. மாறுமின்னோட்டத்திற்கு ஒலிபெருக்கி தரும் தடை சுருதிக்குச் சுருதி மாறும்; சிலவற்றில் 3 ஓமுக்கும் தாழும். தடை குறையுமிடத்து மின்னோட்டம் மிகுதியாக வேண்டப்படும். அதனை ஈயமாட்டாத ஆம்ப்ளிபயர், காகிதத்தில் எத்துணை வாட் உடையதாயினும், அங்கே தளரும்.

வலிமை மிகின் கேடில்லை என்பாருமுளர். 1957-இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் வெளியிட்ட குவாட் நிலைமின் ஒலிபெருக்கி அவருக்கு விடை கூறும். உயர்மின்னழுத்தத்தில் நிறுத்திய மெல்லிய சவ்வினால் ஒலிப்பது அது. அவருடைய நிறுவனமே செய்த 15 வாட் வால்வு ஆம்ப்ளிபயரோடு அஃது இனிது இசைந்தது. அளவிறந்த ஆற்றலுள்ளதை இணைத்து உரக்க ஒலிப்பித்தாலோ, சவ்வினூடே தீப்பொறி பாய்ந்து அதனைக் கெடுக்கும்.

நிற்க. என் நண்பர் ஒருவர் 8 வாட் வால்வு ஆம்ப்ளிபயரொன்றின் புகழ் கேட்டு மயங்கி, மூன்று மாதச் சம்பளத்தை அதற்கு ஈந்தார். உணர்திறன் குன்றிய தம் பழைய ஒலிபெருக்கிகளோடு அதனை இணைத்தார். வீணை ஒருவாறு கேட்டது. மிருதங்கம் தொடங்கியதும் அடிதோறும் அலைமுகடு வெட்டுண்டு, தோலின் நாதம் தகரத்தின் ஓசையாயிற்று. கடைக்காரர் 200 வாட் ஒன்றை வாங்கச் சொன்னார். யானோ, குறையுள்ளது ஆம்ப்ளிபயரில் அன்று என்றேன். ஒருநாள் மாலை அதனை என் இல்லத்திற்குக் கொணர்ந்து, 98 டெசிபல் தரும் என் பெட்டிகளோடு இணைத்துக் கேட்டோம். இரவு பத்து மணிக்குமேல் அண்டைவீட்டார் கதவைத் தட்டியபின்னரே நிறுத்தினோம். மறுவாரம் அவர் விற்றது ஒலிபெருக்கிகளை.