சந்தனத்தைத் தின்றது யார்?

ஆயுதபூஜைக்கு முதல் நாள். நான் வேலை பார்க்கும் வங்கியில் வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் வந்தது. மற்றவர்களிடம் கிண்ணத்தையே நீட்டியவர், என் மேசைக்கு வந்ததும் விரலால் வழித்து, எட்ட நின்று என் உள்ளங்கையில் போட்டார். பழகிப்போன சங்கதிதான். ஆனால் அன்றைக்கு யோசனை சந்தனத்தின் மேல் போனது. இது எந்தக் காட்டு மரம்? அந்தக் காட்டுல இப்ப மரம் நிக்குதா?

தோழர்களே, சந்தன மரத்தை ஒரு நோய் நூறாண்டுக்கும் மேலாகத் தின்றுகொண்டிருக்கிறது. பெயர் ஸ்பைக். 1899இல் குடகில் கண்டார்கள். இலை சிறுத்து, விறைத்து, முள்ளாக நிமிரும். பூக்காது, காய்க்காது. இரண்டு மூன்று வருசத்தில் மரம் பட்டுப்போகும். பழம் இல்லையென்றால் குருவி எதைத் தின்று விதை போடும்? குடகு, மைசூர்ப் பகுதிகளில் 1903க்கும் 1916க்கும் இடையே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை அப்புறப்படுத்தினார்கள். மருந்து சொல்பவருக்கு 10,000 ரூபாய் என்று 1907இல் மைசூர் மகாராஜா அறிவித்தார். இன்றுவரை காட்டு மரத்துக்கு மருந்தில்லை. சாறு உறிஞ்சும் பூச்சிகள் கிருமியை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. கேரளத்து மறையூர்க் காட்டையும் நோய் விடவில்லை.

(சந்தனம் தனித்து வாழாது. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைக் கோத்து உறிஞ்சும். வாசம் அதுக்கு, பொழப்பு அடுத்தவன் வேருல!)

பூச்சியைப் பிடிக்க முடியாத அரசு மனிதர்களைப் பிடித்தது. சந்தனக்கட்டை பதுக்கினார்கள் என்று 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் நுழைந்தன. பழங்குடிப் பெண்கள் 18 பேரை வன்புணர்ந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 31 வருசம்!

மரத்தைத் தொட்டவன் கள்ளன் என்று அடித்த இடத்தில், இலை விறைத்ததை எவன் வந்து சொல்வான்? நோயை முதலில் பார்ப்பது ஆடு மேய்க்கிறவளும் விறகு பொறுக்குகிறவளும்தான். வாயைத் திறந்தால் வழக்கு என்றால் பார்த்தும் பாராமல்தான் போவாள்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையைக் கிராமசபைக்குத் தருகிறது. நோய்க் கண்காணிப்பையும் அந்தச் சபையிடம் கொடு, கூலியும் கொடு என்று கேட்போம். சத்தியமங்கலம், சவ்வாது மலைப் பக்கத்துத் தோழர்கள், உங்கள் ஊரில் எத்தனை சந்தன மரம் நிக்குது, எத்தனை விறைச்சிருக்குன்னு எண்ணி எழுதுங்கள். அடுத்த இதழில் போடுவோம்.