நசுங்கிய பெட்டிக்கு என்ன விலை?

இரவுச் சந்தையில் மீன்காரரிடம் ஐம்பது காசுக்காகக் கால்மணி நேரம் வாதாடுவோம். "போலே கூராங்?" என்று கேட்கக் கூச்சப்படும் தோட்டத்துப் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. அதே நாம், கண்ணாடிக் கதவு போட்ட பெரிய வீட்டுப்பொருள் கடைக்குள் நுழைந்ததும் வாயடைத்துப் போகிறோம். அட்டையில் அச்சடித்த விலை என்றால் அது அரசாங்கக் கட்டளை என்பதுபோல ஒரு நினைப்பு. செருப்பில் ஒட்டிய செம்மண்ணைப் பார்த்து எவனாவது சிரிப்பானோ என்று இன்னொரு பயம்.

சகோதரிகளே, அந்தக் கடைகளிலும் பேரம் உண்டு. எல்லாப் பொருளுக்கும் இல்லை. உள்ளே போய்ச் சுற்றிப் பாருங்கள்; எங்காவது ஒரு மூலையில் பக்கம் நசுங்கிய ஐஸ் பெட்டி, கீறல் விழுந்த துணி துவைக்கும் இயந்திரம், அட்டைப்பெட்டி கிழிந்த அடுப்பு, பார்வைக்கு வைத்திருந்து நிறம் மங்கிய மின்விசிறி என்று சில நிற்கும். நல்லதைத் தேடி வருகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பினால் லோரிச் செலவு. புதிய மாடல் வந்தால் அதற்கு இடம் வேண்டும். இத்தனை தலைவலியும் கடைக்காரருக்கு. நாம் ஏன் தலைகுனிந்து நிற்க வேண்டும்?

ஆனால் விலை குறைப்பதில் மட்டும் கண்ணாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன், முன்பக்கம் கீறல் விழுந்த துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றை 150 வெள்ளி குறைத்து வாங்கினேன். சாமர்த்தியமாக வாங்கிவிட்டேன் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் மாதம் அடியில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. கடைக்குப் போனேன். "நீங்கள் வாங்கியது பழுதான பொருள்தானே? தெரிந்துதானே வாங்கினீர்கள்?" என்றார்கள். நான் தெரிந்து வாங்கியது கீறலை, ஒழுகலை இல்லை. அதைக் காட்ட என் கையில் என்ன இருந்தது? ரசீதில் பொருளின் பெயரும் விலையும், கீழே "பழுதுள்ள நிலையில் விற்பனை" என்று ஒரு வரியும். எந்தப் பழுது என்று ஓர் எழுத்து இல்லை. அவரும் பேசவில்லை, நானும் பேசத் தெரியாமல் திரும்பி வந்தேன். மிச்சம் பிடித்த 150 வெள்ளிக்கு மேல் பழுது பார்க்கக் கொடுத்தேன்.

பிறகுதான் ஒருவர் எனக்குச் சட்டத்தை விளக்கினார். நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 32-ஆவது பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு: வாங்குவதற்கு முன்பே ஒரு குறையைக் குறிப்பாக உங்களுக்குக் காட்டிவிட்டால், பிறகு அந்தக் குறையைச் சொல்லிப் புகார் செய்ய முடியாது. பொருளோடு வைத்திருக்கும் அட்டையில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். அந்தக் குறையை மட்டும்தான், சகோதரிகளே! காட்டாத குறைக்குக் கடைக்காரர் இன்னும் பொறுப்பாளிதான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எத்தனை பெரிய எழுத்தில் எழுதினாலும் இந்த உரிமை போகாது. எழுதி வைத்து அதைத் தட்டிக் கழிக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தரம் என்று பார்க்கும்போது கொடுத்த விலையும் கணக்கில் வரும். பாதி விலைக்கு வாங்கிவிட்டுப் புத்தம் புதிதின் பளபளப்பைக் கேட்க முடியாது.

ஆகவே பேரம் என்பது இரண்டு வேலை. ஒன்று, விலையைக் குறைப்பது. மற்றொன்று, எந்தக் குறைக்காக அது குறைந்தது என்று எழுதி வாங்குவது. இரண்டாவதை நான் விட்டேன்.

போன தீபாவளிக்கு முன் என் அக்கா மகளோடு பட்டணத்துக்குப் போனேன். அவளுக்குச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. மாப்பிள்ளை குலை வெட்டுகிறார். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது உண்மைதான். ஆனால் சேமநிதி போக, கடைக்கடன் போக, பள்ளிப் பேருந்துக் கட்டணம் போக மிஞ்சுவது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழைய ஐஸ் பெட்டி படுத்துவிட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த 1,400 வெள்ளியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்திருந்தாள்.

1,599 வெள்ளிப் பெட்டி ஒன்று, இடப்பக்கம் நசுங்கியது, 1,449 என்று ஒட்டியிருந்தது. உடனே என் காதருகில் வந்து, "சின்னம்மா, ஒரு ஐம்பது வெள்ளி இருக்கா?" என்றாள்.

"பொறு. முதல்ல கரண்டு போட்டுக் காட்டச் சொல்லு" என்றேன்.

கடைப் பையன் முகம் சுளித்தான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆண்ட்டி." நல்லா இருந்தால் காட்டுவதில் என்ன கஷ்டம், தம்பி? காட்டினான். அது ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் சுற்றிப் பார்த்தோம். இப்போது வரும் பல ஐஸ் பெட்டிகளில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அதனால் அகலமாக, வழவழப்பாக அமுங்கியிருந்தால் பெரும்பாலும் அழகுக் குறைவோடு போய்விடும். கூர்மையாக, ஆழமாக மடிந்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் தொடாதீர்கள். குழாய் நசுங்கி வாயு கசிந்தால் பெட்டி குளிராது. அந்த வாயுவும் இப்போது பலவற்றில் ஆர் 600ஏ என்னும் தீப்பற்றக்கூடிய வகை. பின்னால் உள்ள அட்டையில் எழுதியிருக்கும். பின்புறம் கம்ப்ரசர் இருக்கும் இடத்தில் அடி பட்டிருந்தாலும் இதே கதைதான். கால்மணி, அரைமணி ஓடியபின் பக்கச் சுவரைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும்; உறைபெட்டிக்குள் கையை வைத்தால் குளிர் ஏறியிருக்கும்.

இவள் பெட்டியில் அதெல்லாம் சரியாக இருந்தது. கடைசியாகக் கதவைப் பார்த்தோம். ஒரு பழைய ரசீதுத் தாளைக் கதவு ரப்பருக்கிடையில் வைத்து மூடி, மெல்ல இழுக்க வேண்டும். தாள் பிடித்து நிற்க வேண்டும். மேலே நின்றது, நடுவில் நின்றது, கீழ் மூலையில் சர்ரென்று வழுக்கி வந்துவிட்டது. பெட்டி எங்கேயோ சாய்ந்து விழுந்தபோது பக்கம் நசுங்கியதோடு கதவுக் கீலும் சற்றுக் கோணியிருக்கிறது. ஒட்டிய அட்டையில் அந்த விவரம் இல்லை.

பையனிடம் பேசிப் பயனில்லை. குறைக்கும் அதிகாரம் அவனிடம் கிடையாது. கிளைப் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொன்னோம். சத்தம் போடவில்லை. மலிவுக்கு வந்தவர்கள் என்று கெஞ்சவும் இல்லை. தாளை வைத்து அவர் கண்முன்னே இழுத்துக் காட்டினோம். "நசுங்கலுக்கு நீங்கள் 150 குறைத்தீர்கள். கீலுக்கு என்ன குறைப்பீர்கள்? சரிசெய்து தருவீர்களா, இல்லை இப்படியே கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். இந்தக் கேள்விதான் முக்கியம். சும்மா "இன்னும் குறையுங்கள்" என்றால் "முடியாது" என்று சொல்வது சுலபம். ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாகக் கேட்டால் அவரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

1,380 என்றார். 1,250 என்றோம். சற்று நேரம் அமைதி. அமைதியாக இருப்பது நம் பெண்களுக்குக் கஷ்டம். நாமே பேசி நாமே விலையை ஏற்றிவிடுவோம். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கீலைச் சரிசெய்து, தோட்டத்து வீடுவரை லோரிக் கூலியும் சேர்த்து 1,290-க்கு முடிந்தது. கூலியைச் சேர்க்க மறக்காதீர்கள். "இலவசமாகக் கொண்டுவந்து தருவோம்" என்பது பல கடைகளில் பட்டணத்து எல்லையோடு நின்றுவிடும். நம் மண்பாதைக்குத் தனிக் காசு கேட்பார்கள்.

எழுதித் தரச் சொன்னபோது மனிதர் தயங்கினார். "அதெல்லாம் வழக்கமில்லை" என்றார். அப்படியானால் வேண்டாம் என்று நாங்கள் வாசலை நோக்கி நடந்தோம். அக்கா மகள் முகம் வாடிவிட்டது. நான்கு அடி போவதற்குள் கூப்பிட்டுவிட்டார். ரசீதில் மலாய் மொழியில் "கெமெக் செபெலா கிரி" என்று, அதாவது இடப்பக்கம் நசுங்கியது என்று, எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். கீல் சரிசெய்யப்பட்டது என்றும் எழுதினார். உற்பத்தியாளரின் உத்தரவாத அட்டையில் அன்றைய தேதியைப் போட்டு வாங்கினோம். அட்டையில் உள்ள எண்ணும் பெட்டியின் பின்னால் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பார்த்துக்கொண்டோம். நசுங்கிய இடத்தைக் கைப்பேசியில் படமும் எடுத்தாள். லோரியில் வரும்போது இன்னொரு நசுங்கல் சேர்ந்தால் எது பழையது, எது புதியது என்று தெரிய வேண்டுமே. பொருளை இறக்கியதும் பிரித்துப் பார்க்காமல் லோரிக்காரரின் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருந்து பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பேரத்துக்கே ஆகாத பொருள்களும் உண்டு. குளியலறைச் சுடுநீர்க் கருவியில் விரிசல் இருந்தால், எரிவாயு அடுப்பின் குழாயோ திருகோ கோணியிருந்தால், மின்கம்பியின் உறை அறுந்திருந்தால், சிரிம் முத்திரை இல்லாவிட்டால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அழகு கெட்டதற்குப் பணம் குறைக்கலாம். பிள்ளைகள் தொடும் இடத்தில் மின்சாரம் கசிவதற்கு எவ்வளவு குறைப்பது?

வாங்கிய பிறகு சொல்லாத குறை ஒன்று தலைகாட்டினால், முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அசையாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா என்று கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே கொண்டுபோகலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. நம் கதையை நாமே சொல்லலாம். கையில் அந்த ரசீது மட்டும் இருக்கட்டும். எனக்கு அன்று இந்த விவரமும் தெரியாது, காட்ட ரசீதும் இல்லை.

போன வாரம் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டி நன்றாக ஓடுகிறது. மிச்சமான 110 வெள்ளியில் சின்னவளுக்குப் பள்ளிக் காலணி வாங்கினாளாம். நசுங்கிய இடத்தின்மேல் பெரியவனின் பள்ளி நேர அட்டவணை ஒட்டியிருக்கிறது. ரசீது எங்கே என்று கேட்டேன். சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினாள்.